கொண்டுவரச் சொன்னது நாம்தானே!

அன்புள்ள ஆசிரியத் தோழர்களுக்கு,

தமிழ்நாட்டின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் வகுப்பெடுக்கும் உங்களுக்கு, அதே வேலையைப் பார்க்கும் ஒருவர் எழுதும் மடல் இது. அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் உண்டு; அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 5 வந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பள்ளி திறந்திருந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் திறந்த வாரத்தில், காலை வணக்கக் கூட்டத்தில் ஓர் உறுதிமொழி. தலைமையாசிரியர் கையால் ஒரு மரக்கன்று. பிள்ளைகள் கையில் வாசகம் எழுதிய அட்டை. ஒரு போட்டோ, அது வாட்ஸ்அப் குழுவுக்கு. பதினோரு மணிக்கெல்லாம் சுற்றுச்சூழல் முடிந்து கணக்குப் பாடம் தொடங்கிவிடும்.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991-ல் உத்தரவிட்டது. அதன் பிறகு பாடம் வந்தது, தேசிய பசுமைப் படை வந்தது, ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் வந்தன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘நெகிழியின் தீமைகள்’ என்று மூச்சுவிடாமல் மூன்று நிமிடம் பேசுகிறது. கைதட்டுகிறோம். முதல் பரிசாக பிளாஸ்டிக் டப்பா கொடுக்கிறோம்.

பேச்சில் நாம் குறை வைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகள் போன பிறகு, வகுப்பின் குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்துப் பாருங்கள். பென்சில் சீவல், சாக்லேட் உறை, தீர்ந்த பேனா, சார்ட் வெட்டிய ஓரங்கள், காலில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும் தெர்மாகோல் மணிகள், கலர் பேப்பர், ஜிகினாத் தூள், செல்லோடேப் சுருள், ஒரு வரி எழுதிக் கிழித்த நோட்டுத் தாள். சாக்லேட் உறையைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். பெரும்பகுதி பிள்ளைகள் தாமாகக் கொண்டுவந்தது இல்லை. ‘நாளைக்குக் கொண்டுவாங்க’ என்று நாம் சொன்னோம், அவர்கள் வாங்கி வந்தார்கள். என் வாதம் இவ்வளவுதான்: வகுப்பறையின் குப்பையில் பாதிக்கு மேல் ஆசிரியர் மேசையில் பிறக்கிறது. அதைக் குறைக்க உறுதிமொழி வேண்டாம், நிதி வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

முதலில் ப்ராஜெக்ட். மாலை நாலு மணிக்கு, மணி அடிக்கும் நேரத்தில், ‘நாளைக்கு ஆளுக்கொரு சார்ட், விலங்குப் படம், ஸ்கெட்ச்’ என்கிறோம். அந்த ஒரு வாக்கியம் அன்றிரவு முப்பத்தைந்து வீடுகளில் என்ன செய்கிறது தெரியுமா? கட்டட வேலைக்கோ மில்லுக்கோ போய்த் திரும்பிய அப்பா, எட்டரை மணிக்கு ஸ்டேஷனரி கடை வாசலில் நிற்கிறார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, ‘உங்க ஸ்கூல்ல இன்னிக்கு விலங்கா?’ என்று கேட்டுப் படத்தாளை எடுத்து நீட்டுகிறார். மாவட்டம் முழுக்க அதே சிங்கம், அதே ஒட்டகச்சிவிங்கி. அம்மா வெட்டுகிறார், அக்கா ஒட்டுகிறாள், பிள்ளை தூங்கிவிட்டது. மறுநாள் முப்பத்தைந்து சார்ட் வருகிறது. நன்றாக இருக்கும் நாலைந்து சுவரில் ஏறுகின்றன. மற்றவை பீரோவின் தலையில் சுருண்டு கிடந்து, ஏப்ரலில் கரையான் அரித்துக் குப்பைக்குப் போகின்றன. பிள்ளை எந்த விலங்கையும் பார்க்கவில்லை.

முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-ல் ஒரு பகுதி செயல்பாட்டுக்கு உரியது. செயல்பாடு என்றுதான் இருக்கிறது, சார்ட் என்று எங்கும் இல்லை. அதைச் சார்ட் என்று புரிந்துகொண்டது நாம். பளபளப்புக்கு மதிப்பெண் போட்டால் பளபளப்புதான் வரும். அதற்குப் பதிலாக, ‘உங்கள் தெருவில் எத்தனை குழாய், அதில் எத்தனை சொட்டுகிறது, எண்ணிக்கொண்டு வா’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இந்த வாரம் உங்கள் வீட்டில் என்னென்ன கீரை சமைத்தார்கள், எங்கே பறித்தது, என்ன விலை?’ பிள்ளை நோட்டில் எழுதி வரும். முப்பத்தைந்து விடையும் முப்பத்தைந்து விதமாக இருக்கும். அதைக் கரும்பலகையில் தொகுத்தால் பட்டை வரைபடம் போட அன்றைக்கே கணக்குப் பாடம் கிடைத்துவிடுகிறது. காட்சிக்கு ஏதாவது வேண்டும் என்றால், குழுவுக்கு ஒரு பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும்.

சுவர்ப் பலகைகளை நினைவிருக்கிறதா? செயல்வழிக் கற்றல் 2007-08-ல் மாநிலம் முழுவதும் வந்தபோது வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் கறுப்பாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் ஒதுக்கினோம். தரையில் உட்கார்ந்தபடி சாக்பீஸால் எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். தாள் ஒன்றுகூடச் செலவில்லை. எழுத்துப் பிழையும் ஆசிரியர் கண்ணில் உடனே படும். திட்டம் போனதும் பல பள்ளிகளில் அதன்மேல் வெள்ளையடித்து ரயில் பெட்டியும் மிக்கி மவுஸும் வரைந்துவிட்டோம். உங்கள் பள்ளியில் இன்னும் மிச்சம் இருந்தால் காப்பாற்றுங்கள். போயிருந்தால் ஒரு டப்பா கரும்பலகை வண்ணம் வாங்கி மறுபடி பூசுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி நோட்டு கிடையாது. சிலேட்டும் அப்படித்தான். கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டுத் துடைத்த தலைமுறையில் பாதிப் பேர் இப்போது இந்தத் தொழிலில்தான் இருக்கிறோம்.

கற்றல் உபகரணங்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு வகுப்பில் பொருள்களை வைத்துச் சொல்லிக்கொடுப்பது கூடியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் எண்ணிப் பழகப் புளியங்கொட்டையும் சோழியும் கூழாங்கல்லும் ஊரில் கிடக்கும்போது, ஃபேன்ஸி ஸ்டோரில் பிளாஸ்டிக் மணி எதற்கு? (குன்றிமணி மட்டும் வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் விதைக்குள் கொடிய விஷம். சின்னப் பிள்ளைகள் கடித்துவிட்டால் ஆபத்து.) லேமினேட் செய்வதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். லேமினேட் செய்த அட்டை பல ஆண்டு உழைத்தால் அந்த பிளாஸ்டிக் வீண் போகவில்லை. வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும் ஒரே ஒரு நாளுக்காக லேமினேட் செய்து, மறுநாள் பீரோவில் போட்டுப் பூட்டுகிறோமே, அதுதான் தாங்கவில்லை.

இனி ஆண்டுவிழா. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. இரண்டு பட்டியலையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பிளாஸ்டிக் கொடி. பலூன் குச்சி. அலங்காரத் தெர்மாகோல். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தட்டு. உறிஞ்சுகுழல். தண்ணீர் பாக்கெட். இனிப்புப் பெட்டிக்கும் அழைப்பிதழுக்கும் மேலே சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர். அரசின் தடைப் பட்டியலா, நம் விழாக் குழுவின் கொள்முதல் பட்டியலா என்று சந்தேகம் வந்துவிடும். சுதந்திர தினத்தன்று பிள்ளைகள் கையில் கொடுக்கும் சின்னக் கொடியிலிருந்து, விருந்தினருக்கு டீ கொடுக்கும் கப் வரை எல்லாம் அதில் இருக்கிறது. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் பற்றி மேடையில் பேசிக்கொண்டே அந்தக் கப்பைக் கையில் பிடித்திருக்கிறோம்.

மாற்று ஒன்றும் கஷ்டமில்லை. சத்துணவுக்கூடத்தில் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. வரவேற்பு வாசகத்தை ஃப்ளெக்ஸில் அடிப்பதைவிட, வாசலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோலம் போடச் சொல்லி அதில் எழுதலாம். விருந்தினர் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மாவிலைத் தோரணம், குருத்தோலைத் தோரணம் கட்டத் தெரிந்த தாத்தா ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. அவரை அழைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொன்னால் அலங்காரமும் முடிந்தது, கைவேலை வகுப்பும் முடிந்தது. துணிப் பேனர் தைத்தால் ஆண்டு எண்ணை எழுதாமல் தையுங்கள், அடுத்த ஆண்டும் ஆகும். பரிசுக்குப் புத்தகம் கொடுங்கள். புத்தகக் காட்சியில் கழிவு விலையில் வாங்கினால் பிளாஸ்டிக் டப்பாவைவிட ஒன்றும் அதிகம் ஆகாது.

பிறந்தநாள் மிட்டாய் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் இளகிய ஆள். கலர் உடுப்பில் வந்து வகுப்பு வகுப்பாகச் சாக்லேட் கொடுப்பது அந்தப் பிள்ளையின் ஆண்டில் ஒரே ராஜாங்கம். அதைப் பிடுங்க வேண்டாம். டப்பாவில் மொத்தமாக வாங்கிய கடலை மிட்டாய் கொடுக்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிவையுங்கள். கேட்பவர் கேட்பார்.

தாளுக்கு வருவோம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984-லிருந்து கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்கிறது. ஆலையில் சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கைதான் நாம் எழுதும் வெள்ளைத் தாளாக மாறுகிறது என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய அதிசயம்! பாடநூலின் உள்பக்கத்தில் எத்தனை ஜி.எஸ்.எம். தாளில் அச்சிட்டது என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி, ஜி.எஸ்.எம். என்றால் என்ன என்று ஒரு பாடவேளை பேசலாம்: ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். பாடநூலின் ஒரு பக்கத்தை அளந்து, பரப்பளவு கண்டுபிடித்து, மொத்தப் பக்கத்தைத் தாள் எண்ணிக்கையாக்கிப் புத்தகத்தின் எடையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பிறகு தராசில் வைத்துச் சரிபார்க்கட்டும். தாளின் மதிப்பு உறுதிமொழியில் ஏறாது, இப்படி ஏறும்.

இதைவிடக் கைமேல் பலன் தருவது ஏப்ரல் மாத வேலை. ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் எழுதாத பக்கங்கள் கிடக்கும். விலையில்லா நோட்டானாலும் கடை நோட்டானாலும் இதே கதைதான். கடைசி வேலை நாளுக்கு முந்தைய நாள் எல்லா நோட்டையும் கொண்டுவரச் சொல்லி (இதையாவது கொண்டுவரச் சொல்லலாம்), வெற்றுத் தாள்களைப் பிரித்து அடுக்கி, கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு தைத்தால் ஜூனில் ஆளுக்கொரு ரஃப் நோட்டு தயார். தைக்கப் பழகுவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆர்வத்தைப் பார்க்க வேண்டும். ஊசியை யார் பிடிப்பது என்று சண்டையே நடக்கும். பழைய பாடநூலையும் கேட்டு வாங்கி வகுப்பு அலமாரியில் பத்துப் பிரதி வையுங்கள். பையைத் தூக்க முடியாத பிள்ளை புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். ஒருகாலத்தில் சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கித்தான் நாம் படித்தோம்.

பேனாவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ரீஃபில் மாற்றக்கூடிய பேனா வாங்கச் சொல்லுங்கள், தீர்ந்த பேனாக்களை ஒரு டப்பாவில் போட்டு மேசைமேல் வையுங்கள். டப்பா நிறையும் வேகம் பிள்ளைகளுக்குத் தானே புரியும். முடிந்த இடத்தில் மைப்பேனா நல்லது. ஆனால் மூன்றாம் வகுப்பில் முயலாதீர்கள், சட்டை துவைக்கும் தாய்மார்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

பள்ளியின் பின்பக்கம் வாருங்கள். காலையில் கூட்டிப் பெருக்கியதை ஒரு மூலையில் குவித்து நெருப்பு வைக்கிறோம். வேப்பஞ்சருகும் சிப்ஸ் பாக்கெட்டும் சேர்ந்து எரியும் அந்தப் புகை, காலை வணக்கக் கூட்ட நேரத்தில் சரியாகப் பிள்ளைகள் வரிசைக்கு வந்து சேரும். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது. விதியை விடுங்கள், இழுப்பு உள்ள பிள்ளை ஒன்றிரண்டு எல்லா வகுப்பிலும் இருக்கிறது. சருகை மட்டும் தனியாகப் பிரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மூன்றடி ஆழக் குழி ஒன்று, அல்லது பழைய கம்பிவலையை வட்டமாக வளைத்து நிறுத்திய கூண்டு. சருகு ஒரு அடுக்கு, சத்துணவுக்கூடத்துக் காய்கறித் தோல் ஒரு அடுக்கு, மேலே கைப்பிடி மண், வாரம் இருமுறை தண்ணீர். சில மாதத்தில் கறுப்பு மண் கிடைக்கும். சத்துணவில் வாரத்தில் ஐந்து நாள் முட்டை. நூறு பிள்ளைகள் முட்டை சாப்பிடும் பள்ளியில் வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்நூறு முட்டை ஓடு. அப்படியே போட்டால் மட்க நாளாகும். வெயிலில் காயவைத்து, கல்லால் நுணுக்கிப் போடச் சொல்லுங்கள். மட்கும் குப்பை எது, மட்காதது எது என்று படம் போட்டுக் காட்டுவதற்குப் பதில், குழியில் ஒரு மூலையில் வாழைத்தோல், ஒரு நோட்டுத் தாள், ஒரு சாக்லேட் உறை மூன்றையும் புதைத்துக் குச்சி நட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை தோண்டிப் பார்த்துப் பிள்ளைகளே எழுதட்டும். அந்தச் சாக்லேட் உறை பளபளவென்று திரும்பத் திரும்ப வெளியே வருவதைப் பார்த்தவர்களுக்கு ஓவியப் போட்டி தேவையில்லை.

பிரித்தெடுத்த பிளாஸ்டிக்கை உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர் வரும்போது கையில் கொடுங்கள். அவர்களை ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்வதும் நல்லது. ஊரின் குப்பையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

மின்சாரம், வெயில் பற்றி நம் கையில் இருப்பது குறைவு. பழைய குழல் விளக்கு 40 வாட், அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. 20 வாட். சாதாரண மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டுக்கு அருகில். பழுதாகும்போது மாற்றுகிறவர்களிடம் கேட்டுப் பெறுங்கள். மொட்டை மாடிக்குக் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடித்தால் கீழே வகுப்பறையில் வெப்பம் தணியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினால் நடக்கக்கூடிய காரியம்தான். அப்புறம், பகலில் சன்னலைத் திறந்தால் விளக்கே வேண்டாம். சன்னலை மறைத்து நிற்பது பெரும்பாலும் நம் பீரோதான்.

கடைசியாக மரம். ஒவ்வோர் ஆண்டும் அதே குழியில் புதுக் கன்று நடுகிறோம் என்று நம்மை நாமே கேலி செய்துகொள்வோம். கேலியில் உண்மை இருக்கிறது, காரணத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. 1972-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐ.நா. மாநாட்டின் நினைவாக வந்த நாள் ஜூன் 5. அது நம் மழையைப் பார்த்து வைத்த நாள் கிடையாது. தென்மேற்குப் பருவமழை கிடைக்கும் கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதிகளுக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு? கத்திரி வெயில் முடிந்து ஏறக்குறைய ஒரு வாரமே ஆன கொதிக்கும் மண்ணில் கன்றை வைக்கிறோம். நம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே ஜூன் 5 அன்று விதை போடுவோம், நாற்று வளர்ப்போம். பால் பாக்கெட் உறையில் மண் நிரப்பிப் புங்கன், வேம்பு, நாவல், பூவரசு விதைகளைப் பிள்ளைகள் ஊன்றட்டும். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் நடுவோம். மே விடுமுறை வரும்போது கன்றுக்கு ஆறேழு மாத வேர் இருக்கும். விடுமுறையில் தண்ணீர் ஊற்றப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் பெயரை இப்போதே எழுதிவையுங்கள். சத்துணவுக்கூடத்தின் பக்கத்தில் ஒரு முருங்கைக் கம்பும் கறிவேப்பிலையும் ஊன்றிவிட்டால் சமையல் அம்மாவே தண்ணீர் ஊற்றிவிடுவார். நடும் அதே வாரத்தில் மழைநீர்ச் சேகரிப்புக் குழியையும் திறந்து பாருங்கள். 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது அது. பல பள்ளிகளில் இன்று அது பந்து விழும் இடம்.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எமிஸ் தளத்தில் பதிவேற்றம், பயிற்சிகள், தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று நம் தலையில் இருப்பது எனக்கும் தெரியும். அதனால்தான் புதிதாக ஒரு மன்றமோ பதிவேடோ தொடங்கச் சொல்லவில்லை. மேலே சொன்னவற்றில் பல, இப்போது செய்யும் வேலையைக் குறைப்பவை. முப்பத்தைந்து சார்ட்டைத் திருத்துவதைவிட முப்பத்தைந்து பேர் சொல்லும் கீரைக் கணக்கைக் கேட்பது எளிது, சுவாரசியமும்கூட.

அதிகாரிகளுக்கு: தயவுசெய்து இதற்குப் போட்டோ கேட்காதீர்கள். ‘மாலை 4 மணிக்குள் சுற்றுச்சூழல் செயல்பாட்டுப் படத்தைப் பதிவேற்றவும்’ என்று ஒரு செய்தி வந்தால், அன்றைக்கே ஒன்றியத்தில் உள்ள அத்தனை பள்ளிக்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்கள். பார்வைக்கு வரும்போது சுவரில் எத்தனை சார்ட் என்று எண்ணாமல், இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு எருக்குழியைக் காட்டச் சொல்லுங்கள்.

தோழமையுடன்,
உங்களில் ஒருவர்

பின்குறிப்பு: ஜூனில் நோட்டுக்கு அட்டை போடும் காலம் வரும். பிரவுன் தாள், அதன்மேல் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் பொம்மை லேபிள் என்று கேட்காதீர்கள். போன ஆண்டின் மாதக் காலண்டர் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. தாள் கெட்டி, அளவும் சரியாக இருக்கும். சாமி படம் வெளியே தெரிய வேண்டுமா உள்ளே போக வேண்டுமா என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.